வீட்டுக் கணக்கு: எந்த மின்சாரக் கார் நம் குடும்பத்துக்கு ஏற்றது?



கடந்த மாதங்களில் வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்விச் செலவு, மருத்துவக் காப்பீடு ஆகிய காரியங்களைக் குறித்து இந்தப் பகுதியில் சிந்தித்தோம். இம்முறை, நகரங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது பேச்சாயிருக்கிற ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுவோம். மின்சாரக் கார் வாங்கலாமா? வாங்கினால் எது சிறந்தது? எட்டு லட்சமோ பதினைந்து லட்சமோ, அதில் பெரும்பகுதியைக் கடனாகப் பெற்று, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் மாதத் தவணை கட்டிச் செய்கிற காரியம் இது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்கிற பெரிய செலவு இதுவே. ஆகையால் அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காகவோ, விளம்பரத்தில் அச்சிட்டிருக்கிற பெரிய எண்ணைக் கண்டோ முடிவெடுக்கலாகாது.

மின்சாரக் கார் நம் தேசத்துக்கு முற்றிலும் புதியதன்று. 2001-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் 'ரேவா' என்னும் சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. லண்டன் மாநகர வீதிகளிலும் அது 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் தன்னுடைய ஒரே வாகனமாக வைத்துக்கொள்ளலாம் என்று துணிந்தது, 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் ஈவி வந்த பிறகுதான் என்று சொல்லலாம். எம்ஜி, மஹிந்திரா, ஹூண்டாய், கியா என்று பல நிறுவனங்களும் இறங்கியிருக்கின்றன. இன்று தெரிந்தெடுக்கத்தக்க கார்கள் அநேகம். குழப்பமும் அந்த அளவுக்கு அநேகம்.

காரைப் பார்க்குமுன் கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

எந்தக் கார் சிறந்தது என்று கேட்கிறவரிடம் முதலாவது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரவில் உங்கள் கார் எங்கே நிற்கும்? உங்களுக்கென்று குறிக்கப்பட்ட இடத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு பிளக் இருக்கிறதென்றால், மின்சாரக் காரைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். தெருவோரத்தில், இன்று ஒரு மூலையிலும் நாளை வேறொரு மூலையிலும் நிறுத்துகிறவராயிருந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, நடைபாதையின் குறுக்கே இழுத்து, மழையில் சார்ஜ் ஏற்றுகிறவர்களை நம் நகரங்களில் காண்கிறோம். அது உங்களுக்கும் ஆபத்து, அந்த வழியே நடந்துபோகிற பிள்ளைகளுக்கும் ஆபத்து.

வீட்டில் ஏர்கண்டிஷனருக்கோ கீசருக்கோ போடுகிற பெரிய மூன்று முனை பிளக் போதுமானது. அதில் மணிக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை ஏறும். இரவு ஒன்பது மணிக்குச் சொருகினால் காலை ஏழு மணிக்குள் இருபத்தைந்து யூனிட்டாவது ஏறிவிடும். சிறிய மின்சாரக் கார் ஒன்று நகரத்துக்குள் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவில் ஏறியது 150 கிலோமீட்டருக்கு மேல் போதும். நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் அவ்வளவு தூரம் ஓட்டுகிறதில்லை. எனவே, சுவரில் பதிக்கும் பெரிய சார்ஜர் இல்லாமல் மின்சாரக் கார் வைத்திருக்க முடியாது என்று விற்பனையாளர் சொன்னால், சிறிய காரைப் பொறுத்தமட்டில் அது உண்மையல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே மின்சார வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்லுகின்றன. ஆனால் உங்கள் மீட்டரிலிருந்து கீழ்த்தளத்தில் கார் நிற்கும் இடம்வரை ஒயர் கொண்டுவர, சொசைட்டியின் சம்மதம் வேண்டும். செயலாளர் வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதை நம்பிக் காருக்கு முன்பணம் கட்டாதிருங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வீட்டு உரிமையாளரிடமும் கேட்கவேண்டும். வீடு மாறினால் புதிய இடத்திலும் இதே படியை மறுபடியும் ஏறவேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் காரே சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து எர்த்தையும், ஒயரின் தடிமனையும், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் மின்பளுவையும் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்புகளில் அந்த அளவு மிகக் குறைவாயிருக்கும். அதை உயர்த்த மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்கவேண்டி வரலாம்.

மிச்சம் எவ்வளவு?

இனிக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பம் என்று கொள்ளுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 6,700 ரூபாய். மின்சாரம் யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் மாதத்துக்கு 1,300 ரூபாய். மாதம் 5,400 மிச்சம். வருஷத்துக்கு 64,000 ரூபாய்க்கு மேல். ஒரே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 3 லட்சம் அதிகம் என்றால், ஐந்து வருஷத்துக்குள் அந்தத் தொகை திரும்பிவிடும். விற்பனையாளர்கள் காட்டும் கணக்கு இதுதான். இது பொய்யல்ல.

ஆனால் மும்பை, தில்லி, அகமதாபாத், பூனா போன்ற நகரங்களில் மின்சாரக் காருக்கு உண்மையான போட்டி பெட்ரோல் கார் அன்று, சிஎன்ஜி கார். அதைச் சொல்ல மறந்துபோகிறார்கள். சிஎன்ஜி கிலோ 80 ரூபாய், கிலோவுக்கு 22 கிலோமீட்டர் என்று போட்டால் மாதச் செலவு 3,600 ரூபாய்தான். அதனோடு ஒப்பிட்டால் மின்சாரக் காரில் மிச்சம் மாதம் 2,300 ரூபாய். மூன்று லட்சம் திரும்பிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்! டிக்கியின் பாதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளுவதும், பம்புக்கு முன் வரிசையில் நிற்பதும் சிஎன்ஜியின் குறைகள். அவற்றுக்கு நீங்கள் எவ்வளவு மதிப்புப் போடுகிறீர்கள் என்பது உங்கள் காரியம்.

அதுபோலவே, அலுவலகத்துக்கு ரயிலிலோ மெட்ரோவிலோ போய், காரை ஞாயிறு ஆராதனைக்கும் சந்தைக்கும் மட்டும் எடுக்கிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். நாளொன்றுக்குச் சராசரி 15 கிலோமீட்டர் என்றால், பெட்ரோலோடு ஒப்பிட்டாலும் மிச்சம் மாதம் 2,000 ரூபாய்தான். மூன்று லட்சத்தைத் திரும்பப் பெறப் பன்னிரண்டு வருஷம். இப்படிப்பட்டவர்கள் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மின்சாரக் கார் வாங்குகிறோம் என்று எண்ணவேண்டாம். சத்தமும் புகையும் கியரும் இல்லாத வாகனம் பிடித்திருக்கிறது என்று வாங்கினால், அது நேர்மையான காரணம்.

வீட்டில் பிளக் இல்லாமல் பொதுச் சார்ஜிங் நிலையங்களையே நம்பியிருந்தால் என்னவாகும்? வேக சார்ஜர்களில் யூனிட்டுக்குச் சுமார் 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று பல இடங்களில் வாங்குகிறார்கள். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 40 காசு. சிஎன்ஜியின் செலவுக்கே வந்துவிட்டோம், காத்திருக்கும் நேரம் வேறு. ஆகையால்தான் பிளக்கை முதலாவது கேட்டேன்.

விளம்பர எண்ணும் வீதியில் கிடைக்கும் எண்ணும்

ஒருமுறை முழுச் சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று அச்சிடுகிறார்களே, அந்த எண் பூனாவிலுள்ள ஏராய் போன்ற சோதனை நிலையங்களில், உருளைகளின்மேல் வாகனத்தை ஓடவிட்டு, வகுக்கப்பட்ட ஒரு முறைப்படி எடுத்த எண். அங்கே மேம்பாலம் இல்லை, மே மாத வெயில் இல்லை, ஐந்து பேரும் அவர்களுடைய பெட்டிகளும் இல்லை. எல்லாக் கார்களையும் ஒரே முறையில் சோதிப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும். அந்தத் தூரம் போகலாம் என்று நம்ப உதவாது.

இதற்கு நிறுவனத்தின் வாயிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. 2024 ஆகஸ்டில் டாடா கர்வ் ஈவியை அறிமுகப்படுத்தியபோது, 55 யூனிட் பேட்டரி உள்ள காருக்குச் சோதனைக்கூட எண் 585 கிலோமீட்டர் என்றும், உண்மையான ஓட்டத்தில் 400 முதல் 425 கிலோமீட்டர் என்றும் அவர்களே இரண்டையும் சொன்னார்கள். அதாவது நூற்றுக்கு எழுபது. இந்த எழுபது என்ற அளவை எந்தக் காரின் விளம்பர எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாயிருக்கும். பெட்ரோல் காரில் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், நகரத்தில் குறையும். மின்சாரக் காரில் இது தலைகீழ். நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றின் எதிர்ப்பே பேட்டரியைக் குடித்துவிடும். தில்லியில் இருக்கிறவர்கள் குளிர்காலத்துக்கென்று இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளவேண்டும்.

காருக்குக் கார்

விலைகள் மாதந்தோறும் மாறுகிறபடியால், அறிமுகமான காலத்து விலையையே சில இடங்களில் குறிப்பிடுகிறேன். இன்றைய விலையை ஷோரூமில் விசாரித்து அறியுங்கள்.

எல்லாவற்றிலும் சிறியது எம்ஜி காமெட். 2023-இல் வந்தது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், சுமார் 17 யூனிட் பேட்டரி, விளம்பர எண் 230 கிலோமீட்டர். கையில் 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பையிலோ பெங்களூரிலோ சந்து பொந்துகளில் நிறுத்த இதைப்போல வசதியான கார் இல்லை. கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கும், இரண்டாம் வாகனமாக வைத்துக்கொள்ளுகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் கதவு இரண்டே. பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்கி நுழையவேண்டும். முழங்கால் வலியுள்ள தாயாரை அப்படி ஏற்றி இறக்கிப் பாருங்கள், அதோடு தீர்மானம் ஆகிவிடும். நால்வர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. நெடுஞ்சாலை வேக சார்ஜர்களில் ஏற்றும் வசதியும் இதில் கிடையாது.

டாடா டியாகோ ஈவி 2022 செப்டம்பரில் 8.49 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. ஐந்து பேருக்கு இடம், நான்கு கதவு. இதில் 19.2, 24 யூனிட் என்று இரண்டு பேட்டரிகள். என் கருத்தில், ஒரே கார் வைத்திருந்து தினம் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிற சிறிய குடும்பத்துக்கு 24 யூனிட் டியாகோவே கணக்குக்குப் பொருந்துகிற கார். கையில் 200 கிலோமீட்டர் கிடைக்கும். வேக சார்ஜரில் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது பெட்ரோல் காராக வடிவமைக்கப்பட்டதில் பேட்டரியைப் பொருத்தியது. ஆகையால் டிக்கி சிறிது. மூன்று பெரிய பிள்ளைகள் பின்னால் நெருக்கியே உட்காரவேண்டும்.

அதற்கு மேலே டாடா பஞ்ச் ஈவி. 2024 ஜனவரியில் 25, 35 யூனிட் பேட்டரிகளோடு, 10.99 லட்சத்தில் ஆரம்பித்தது. பெரிய பேட்டரிக்கு விளம்பர எண் 421, எழுபது சதவீதக் கணக்கில் 290-க்குச் சற்று மேல். மழைக்காலத்தில் குழி விழுந்த சாலைகளுக்கு ஏற்ற உயரம், உட்கார எழ வசதியான இருக்கை. பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதை விசேஷமாகச் சொல்லுவேன். 2024 ஜூனில் பாரத் என்கேப் மோதல் சோதனையில் இதுவும் நெக்ஸான் ஈவியும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. விலையைப் பார்க்கிற கண்ணோடு இந்த நட்சத்திரங்களையும் பாருங்கள். அதே 2024-இல் குளோபல் என்கேப் நடத்திய சோதனையில் சித்ரோயன் இசி3 மின்சாரக் கார், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஏர்பேக்குகளின் எண்ணிக்கை ஒவ்வொரு காரிலும் காலந்தோறும் மாறுகிறது. நீங்கள் வாங்கும் மாடலில் எத்தனை என்று கேளுங்கள்.

2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சர் இப்போது அநேகருடைய கண்ணைப் பறித்திருக்கிறது. 38 யூனிட் பேட்டரி, விளம்பர எண் 332. பின்னிருக்கையைச் சாய்த்துப் படுத்தே போகலாம், டிக்கியில் ஊருக்குப் போகிற பெட்டிகளெல்லாம் அடங்கும். இதைக் குறித்து ஒரு காரியத்தை விவரமாய்ச் சொல்லவேண்டும். பேட்டரியோடு சேர்த்து 13.50 லட்சம், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம் என்று அறிமுகத்தில் அறிவித்தார்கள். வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். "பத்து லட்சத்துக்குப் பெரிய கார்" என்று காது இனிக்கிறது. கணக்குப் போடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு வாடகை 3,500, மின்சாரம் ஏறக்குறைய 1,400, ஆகமொத்தம் 4,900 ரூபாய். சிஎன்ஜி காரின் செலவையும் தாண்டிவிட்டது! விலையில் குறைந்தது 3.51 லட்சம். மூன்றரை ரூபாய் வீதம் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் அதை வாடகையாகவே கட்டி முடித்திருப்பீர்கள், அதற்குப் பிறகும் வாடகை நிற்காது. குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு இது லாபமாயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம், ஆனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டவேண்டும் என்று குறைந்தபட்ச அளவு வைக்கிற கடன் நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். இன்றைய வாடகை வீதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரைப் பற்றி எனக்குக் குறையில்லை. முழு விலை கொடுக்கக் கூடியவர்கள் பேட்டரியோடு சேர்த்தே வாங்குவது நல்லது.

நெக்ஸான் ஈவியின் 45 யூனிட் மாடல், ஹூண்டாய் கிரெட்டாவின் 42, 51.4 யூனிட் மாடல்கள், மஹிந்திராவின் பிஇ 6 என்று மேலே போகப்போக விலை பதினைந்து, இருபது லட்சம் என்று ஏறும். கிரெட்டா மின்சாரக் கார் 2025 ஜனவரியில் 17.99 லட்சத்தில் ஆரம்பித்தது. பிஇ 6-இன் ஆரம்ப விலையாக 18.90 லட்சம் அறிவித்தபோது சார்ஜரின் விலை அதில் சேரவில்லை. இப்படிப்பட்ட 'தனி' வரிகளை எந்த ஷோரூமிலும் கேட்டு அறியவேண்டும். ஏழு பேர் போகவேண்டிய கூட்டுக் குடும்பங்களுக்கு 2025 ஜூலையில் கியா கேரன்ஸ் கிளாவிஸ் ஈவி வந்தது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் கார்களும் வருகின்றன. நம் ஊரில் செய்த கார் என்ற பாசம் இருக்கலாம். ஆயினும் இந்தியாவுக்குப் புதிய நிறுவனமாகையால், நீங்கள் இருக்கும் நகரத்தில் பழுது பார்க்கும் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் பாசத்தைக் காட்டுங்கள்.

ஊருக்குப் போகிற பிரயாணம்

"எல்லாம் சரி, டிசம்பரில் ஊருக்குப் போகவேண்டுமே?" இந்தக் கேள்விக்காகவே அநேகர் தேவைக்கு மேல் பெரிய பேட்டரியை வாங்குகிறார்கள்.

பெங்களூரிலிருந்து திருநெல்வேலி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று போகிற அந்த நெடுஞ்சாலையில் வேக சார்ஜர்கள் இப்போது பல இடங்களில் இருக்கின்றன. பஞ்ச் ஈவியின் 35 யூனிட் காரில் போனால், நெடுஞ்சாலை வேகத்தில், எண்பதிலிருந்து பத்து சதவீதம் வரை செலவழித்து ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 170, 180 கிலோமீட்டர். வழியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். சாப்பாடு, தேநீர், பிள்ளைகள் இறங்கி நடப்பது என்று அதில் பாதி நேரம் போய்விடும். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முந்தின நாட்களில் எல்லாரும் அதே சார்ஜரைத் தேடி வருவார்கள் என்பதையும், சில சார்ஜர்கள் பழுதாகிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அடுத்த நிலையம் வரைக்குமாவது மிச்சம் வைத்தே ஒவ்வொரு நிலையத்துக்கும் போய்ச் சேருங்கள்.

79 யூனிட் பேட்டரியுள்ள பிஇ 6 இதே பிரயாணத்தை ஒரே நிறுத்தத்தில் முடித்துவிடும். அதற்காக எட்டு, பத்து லட்சம் அதிகம் கொடுப்பது, வருஷத்துக்கு இரண்டு பிரயாணங்களுக்குக் கொடுக்கிற விலை. அந்தப் பணத்துக்கு வாடகைக் கார் எத்தனை வருஷம் எடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறபடியால், அங்கிருக்கிறவர்களுக்கு எந்தக் காரையும் சொல்லமாட்டேன். ரயிலில் படுத்துப் போங்கள்.

பேட்டரியும் உத்தரவாதமும்

பேட்டரி போய்விட்டால் காரின் விலையில் பாதி போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் இப்போது பொதுவாகிவிட்டது. மஹிந்திரா பிஇ 6-க்கும் எம்ஜி விண்ட்சருக்கும் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று அறிவித்தார்கள். அது முதல் உரிமையாளருக்கே உரியது. காரை விற்றால், வாங்குகிறவருக்கு அது வருஷக் கணக்காகவும் கிலோமீட்டர் கணக்காகவும் சுருங்கிவிடும். டாக்ஸியாக ஓட்டுகிறவர்களுக்கான நிபந்தனைகள் வேறு. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாகனம் வாங்கப்போகிற சகோதரர்கள் அதைத் தனியே கேட்டு எழுதி வாங்கவேண்டும். தினம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிற அவர்களுக்குத்தான் மின்சாரக் காரில் மிச்சம் மிக அதிகம்.

டாடா, மஹிந்திரா, எம்ஜி கார்களில் மேலே சொன்னவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. வெப்பத்தை நன்றாகத் தாங்கும், நீண்டகாலம் உழைக்கும், எடை சற்று அதிகம். கிரெட்டாவில் இருப்பது நிக்கல் வகை. இந்த வகையை அன்றாடம் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, பிரயாணத்துக்கு முந்தின இரவில் மட்டும் நூறுக்கு ஏற்றுவது நல்லது.

பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பேட்டரியில் எத்தனை சதவீதத் திறன் மிச்சமிருக்கிறது என்ற அறிக்கையை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் எடுத்துத் தரும்படி கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்கவேண்டாம். நாலைந்து வருஷம் ஓடிய கார்கள் நல்ல விலைக்குறைவில் கிடைக்கின்றன. உத்தரவாதம் மூன்று வருஷமாவது மிச்சமிருந்தால், கடன் சுமையில்லாமல் மின்சாரக் காருக்கு மாற அதுவும் ஒரு வழி.

வரியைக் குறித்து இரண்டு வார்த்தை. மின்சாரக் கார்க் கடனின் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்று இன்னும் சொல்லுகிறார்கள். 80 இஇபி என்ற அந்தப் பிரிவு 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே. புதிய கடனுக்கு அது இல்லை. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டபடியால், இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் முன்பைவிடப் பெருகியிருக்கிறது. அதற்கு முந்தின கணக்குகளைக் காட்டி யாரேனும் பேசினால் ஒப்புக்கொள்ளாதிருங்கள். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்களோ அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கி, அதைக்கொண்டு ஒப்பிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் நீங்கள் மட்டும் ஷோரூமுக்குப் போகவேண்டாம். காரை உங்கள் குடியிருப்புக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலான விற்பனையாளர்கள் கொண்டுவருவார்கள். குடும்பம் முழுவதும் ஏறி உட்காருங்கள். ஏர்கண்டிஷனரைப் போட்டுக்கொண்டு, அருகிலுள்ள மேம்பாலத்தில் ஏறி இறங்கி, நெரிசலிலும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். புறப்பட்டபோதும் திரும்பியபோதும் எத்தனை சதவீதம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரோடும் கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் இறக்கி, அடி தட்டுகிறதா என்று பாருங்கள். பின்பு உங்கள் இடத்தில் நிறுத்தி, காரோடு வரும் ஒயரை எடுத்து, உங்கள் பிளக்கில் சொருகிப் பதினைந்து நிமிஷம் சார்ஜ் ஏறுகிறதா என்று வாட்ச்மேனும் சொசைட்டிச் செயலாளரும் காணப் பார்த்துவிடுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.